கிராஞ்சியில் எங்கள் தாத்தாவுக்குத் தண்ணீர் வைத்த தம்பிக்கு

தம்பி, பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். சரி, போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையிலிருந்து சிப்பாயாகப் போய், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட தாத்தாவை நாங்கள் தேடிய கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மறுபடி சொல்லப் போவதில்லை.

வாரம் முழுக்கக் கட்டட வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் உனக்கு லீவு. அன்றைக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சி மேட்டில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போய், கல்லறைகூட இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துத் தேடியிருக்கிறாய். "பேரு இருக்குதுண்ணா" என்றாய். அதோடு கிளம்பியிருக்கலாம். "அம்மாவைக் கூப்பிடுங்க" என்று வீடியோவில் காட்டினாய்.

அம்மாவுக்கு 84 வயது. அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணி வைப்பா." நீ செருப்பைக் கழற்றிவிட்டு, குடிக்கக் கொண்டுபோன பாட்டிலின் மூடியில் ஊற்றி அந்தக் கல்லடியில் வைத்தாய். செருப்பைக் கழற்றியதைத்தான் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

போரின்போது கிராஞ்சியிலேயே ஜப்பான்காரர்களின் கைதிகள் முகாம் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து பாரர் பார்க்கில் திரட்டினார்கள். அப்புறம் முகாம் விட்டு முகாம். பலரை நியூகினி வரை கப்பலேற்றி வேலை வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு கார்டு வரவில்லை. பிடிபட்டவர் இடைத்தங்கல் முகாமில் இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அட்டை எழுத விட வேண்டும் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. எங்கள் பாட்டிக்கு அது பிந்திப்போன விதி. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே அவள் காலம் போனது.

பழைய காகிதத்தில் ரெஜிமெண்ட் எண்ணைப் படித்துச் சொன்ன சுபேதார் மாமா, இங்கிலீஷில் கடிதம் எழுதித் தந்த டீச்சர், காசு வாங்காத ஜெராக்ஸ் கடைக்காரர், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று கல் பதித்திருக்கிறது. நேற்று அதன் அடியில் ரொம்ப நேரம் நின்றேன். நம் பக்கத்தில் இன்னும் யாரையாவது தேடும் வீடு இருந்தால் சொல்லுங்கள். கூட உட்கார்ந்து நான் எழுதித் தருகிறேன்.

தம்பி, பொங்கலுக்கு வரும்போது வேலூரில் இறங்கு. உனக்குத் தன் கையால் சோறு போட வேண்டும் என்கிறாள் அம்மா.