ரப்பர் உடுப்பும் வடகடல் குளிரும்

ராட்டர்டாம், நெதர்லாந்து,
பிப்ரவரி.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விண்ட்சர்ஃபிங் என்ற விளையாட்டில், படகுப் பாய் கட்டிய பலகையில் நீர்மேல் நான் நிற்கும் படத்தைத் தம்பி காட்டியதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்றும், மார்கழிக் குளிரில் வாசல் தெளிக்க முணுமுணுத்தவளுக்கு இது என்ன புத்தி என்று கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்து, தோலையும் ரப்பரையும் விரலால் தொட்டே தரம் சொல்லும் உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஊரில் நல்ல காற்று வீசுவது பெரும்பாலும் குளிர்காலத்தையும் அதன் முன்பின் மாதங்களையும் ஒட்டித்தான். வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் காற்று போய்விடும். நான் போவது பிரௌவர்ஸ்டாம் என்ற அணைக்கட்டு. 1953-ல் கடல் புகுந்து பேரழிவு நேர்ந்த பிறகு இந்த நாட்டார் கட்டிய பெரிய அணைகளில் அது ஒன்று. 1971-ல் கட்டி முடித்தார்கள். அதன் ஒரு பக்கம் வடகடல், அலை ஓயாதது. மறுபக்கம் கிரேவலிங்கன் என்ற உப்புநீர் ஏரி. நான் ஏரிப் பக்கம் மட்டுமே இறங்குகிறேன். கரையோரத்தில் கால் ஊன்றி நிற்கும் அளவுக்கு ஆழம் குறைந்த இடங்கள் அங்கே நிறைய உண்டு. பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு அதுவே போதும்.

குளிர்ந்த காற்று கனமானது என்பதை இங்கே வந்துதான் உடம்பால் உணர்ந்தேன். நம்மூர்க் கத்திரி வெயிலில் வீசும் காற்றைவிட, ஐந்து டிகிரியில் வீசும் காற்று ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதல் கனம். ஒரே வேகத்தில் வீசினாலும் அது பாயைத் தள்ளும் தள்ளு அந்த அளவுக்கு அதிகம். ஆகையால் கோடையில் விரிக்கும் பாயைவிடச் சிறிய பாயையே இப்போது கட்டுகிறோம்.

இனி உடுப்பைப் பற்றி. படத்தில் நான் போட்டிருக்கும் கறுப்பு உடை நியோபிரீன். நீங்கள் சோல் ஒட்டப் பயன்படுத்திய சொல்யூஷன் எந்த ரப்பரிலிருந்து வருகிறதோ, அதே குளோரோபிரீன் ரப்பரைத்தான் நுரையாக ஊதிப் பலகைபோல் ஆக்கி இதற்கு வெட்டுகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் இத்தகைய உடையை முதலில் வடிவமைத்தார். உள்ளே புகும் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிக் குளிரைத் தடுக்கிறது என்று பலரும் சொல்லுவார்கள். உண்மையில் சூட்டைக் காப்பது அந்த நுரைக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகளே. தண்ணீர் எவ்வளவு குறைவாகப் புகுந்து, புகுந்ததும் எவ்வளவு அசையாமல் நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. இடுப்பிலும் கழுத்திலும் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் சூடேறிய தண்ணீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே வரும். அதனால் தடிமனைவிட உடம்போடு ஒட்டிப் பொருந்தும் அளவுதான் முக்கியம். என்னுடையது மார்பில் ஆறு மில்லிமீட்டர், கை கால்களில் ஐந்து.

தையலைப் பார்த்தால் நீங்கள் மெச்சுவீர்கள். இரு விளிம்புகளையும் முதலில் ஒட்டிவிட்டு, பிறகு ஊசி மறுபுறம் வெளிவராமல் பாதித் தடிமனோடு திரும்பிவிடும்படி தைத்திருக்கிறார்கள். ஊசித்துளை வழியாக ஈரம் இறங்குகிறதென்று மழைக்கால பூட்ஸ் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்ததைப் பற்றி வீட்டில் நீங்கள் பேசியது நினைவிருக்கிறதா? அந்தத் தொல்லை இதில் இல்லை. மார்பிலும் முதுகிலும் துணி ஒட்டாத வழவழப்பான ரப்பர் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்று அதை உலர்த்தும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். வழவழப்பு ரப்பரில் நீர் நில்லாமல் வழிந்துவிடும். ஆனால் நகம் பட்டால் கிழியும். ஆகவே உடுத்தும்போது விரல் நுனியால் இழுக்காமல் விரல் வயிற்றால் நீவி நீவி ஏற்ற வேண்டும்.

கைதான் பெரிய பாடு. குளிருக்குத் தடித்த கையுறை போட்டால், பாயைப் பிடிக்கும் குழாய் கைக்குள் பருமனாகி, அதை இறுக்கிப் பிடித்தே முன்கைத் தசை கல்லாக இறுகிவிடும். போடாவிட்டால் சற்று நேரத்தில் விரல் மரத்து முடிச்சை அவிழ்க்கக்கூட வராது. உள்ளங்கைப் பக்கம் திறந்திருந்து, புறங்கையையும் விரல்களையும் மட்டும் மூடும் உறையை இங்கே பலர் போடுகிறார்கள். நானும் அதையே போடுகிறேன். மரத்த விரலில் மறுபடி ரத்தம் ஓடத் தொடங்கும் அந்த ஓரிரு நிமிட வலியைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கண்ணில் நீர் வந்துவிடும், பிறகு தானாகப் போய்விடும். இறங்குமுன் உறைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் கேனிலிருந்து வெந்நீர் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் அந்தத் துன்பம் பெருமளவு குறைகிறது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதுதானே உங்கள் உண்மையான கேள்வி? தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். தக்க உடை இல்லாமல் இத்தகைய நீரில் விழுபவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். பலர் மூழ்குவது அப்போதுதான், குளிரில் உறைந்து அல்ல. அந்த இரைப்பு அடங்கும்வரை நீந்த முயலாமல் மிதந்திருக்க வேண்டும். அதன் பிறகு பத்து நிமிடம் போல் கைகால் சொன்னபடி கேட்கும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதற்கு அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். உடை இருந்தால் இந்தக் கெடு எல்லாமே நீளும். பாய் கிழிந்தாலும் கம்பம் உடைந்தாலும் பலகை மிதக்கும். அதைவிட்டு நீந்திக் கரைசேரப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் தனியாக இறங்குவதில்லை, கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில் இறங்குவதில்லை, வெறும் வயிற்றில் இறங்குவதில்லை. நடுக்கம் தொடங்கிய பின் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று யாராவது சொன்னால் நான் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவேன். இதற்காக என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்பவர்களும் உண்டு, செய்யட்டும்.

குளிருக்குப் பிராந்தி நல்லது என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு அதில் வேறு காரணம் இருக்கலாம். ஆனால் மது தோலடி ரத்தக் குழாய்களை விரித்து, சூடாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே உள்சூட்டை வெளியே விரயமாக்கும். கரையேறியதும் காரின் பின்னால், காற்று படாத பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்று உடையைக் கழற்றுகிறேன். முதலில் தலைக்குத் துண்டு, உடனே குல்லா, பிறகுதான் மற்றவை. பிளாஸ்கில் சுக்கு மல்லிக் காப்பி இருக்கும்.

அம்மா பின்னி வைத்திருக்கும் கம்பளி ஸ்வெட்டரை ரப்பர் உடைக்குள் போட முடியாது. கரையில் போட்டுக்கொள்ள அது வேண்டும், அனுப்புங்கள். அதே பார்சலில் சுக்கு மல்லித் தூளும் இரண்டு பொட்டலம் வையுங்கள். இங்கே கிடைக்கும் தூளில் சுக்கு வாசனையே இல்லை. வைத்தீஸ்வரி அத்தை வீட்டுத் திருமணத் தேதி முடிவானதும் எழுதுங்கள், விடுப்புக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்