நடுவில் இருந்த மௌனத்தையும் கேட்டவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை முதலிலிருந்து சொல்ல இப்போது தெம்பில்லை. கண்டம் தாண்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேற்றுதான் போனைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் தூங்கினேன். நன்றியைக் கொஞ்சம் ஆற அமர எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ஆறவிட்டால் வார்த்தைகள் ஒழுங்காக வரும்தான். ஆனால் இப்போது நெஞ்சு நிறைந்து கிடப்பது அப்போதும் இதே அளவுக்கு இருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், நடுராத்திரியில் அழைப்பை எடுத்தவர்கள், எனக்குப் புரியாத தாள்களைப் படித்து விளக்கியவர்கள், எங்கள் வேண்டுகோளைக் குழு குழுவாகப் பகிர்ந்தவர்கள், அங்கே வந்த விசாரிப்புகளையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தவர், எல்லோருக்கும்தான்.

இதில் இரண்டு விதமான உதவிகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. உதவி கேட்டு ஒரு செய்தி கிளம்பிவிட்டால் அதைப் பரப்புவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். தேதி போடாத செய்தி என்றால் தேவை தீர்ந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் உள்ள எண்ணுக்கு யாராவது பதறிப்போய் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் தேவை முடிந்த அன்றே, ‘கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்’ என்று ஒவ்வொரு குழுவாகப் போய்ச் சொல்லி, பழைய பதிவுகளை நீக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். யார் யார் என்று இன்னும் எனக்கு முழுதாகத் தெரியாது. நீங்கள் செய்தது பெரிய வேலை.

அப்புறம், பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று காட்டி, நின்று, மறுபடி காட்டி, கடைசியில் எதையும் அனுப்பாமல் போனவர்கள். தூக்கம் வராத நேரங்களில் திரையில் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் எழுதி எழுதி அழிக்கிறீர்கள் என்று புரிந்தது. அவ்வளவு நேரமும் என்னைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்பதும் புரிந்தது. பிறகு ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று உங்களில் சிலர் வருத்தப்படுவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். எனக்குக் குறையே இல்லை.

இந்த மடலை எழுதவைத்தவர் இன்னொருவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒரே குழுவில் இருக்கிறோம், எப்போதாவது ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் போட்டிருப்போம், பழக்கம் அவ்வளவுதான். நிலைமை ரொம்ப மோசமாக இருந்த அந்த நாளில், ‘எப்படி இருக்கீங்க?’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். அன்றைக்கு வந்த எத்தனையோ விசாரிப்புகளில் அதுவும் ஒன்று. வீட்டாரிடம் தைரியமாகப் பேச வேண்டியிருந்தது. நெருங்கிய நண்பர்களிடம் பேசினால் அவர்களும் உடைந்துபோவார்கள் என்று பயமாக இருந்தது. இவரிடம் அந்தக் கவலை இல்லை. எழுத விரல் வரவில்லை, மைக்கை அழுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தேன். சொன்னதையே சொன்னேன். ஒன்றை ஆரம்பித்து இன்னொன்றுக்குத் தாவினேன். நடுவில் பேச்சு நின்றுபோய், முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தொடர்ந்தேன். ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கக்கூடிய நீளத்தை அது எப்போதோ தாண்டிவிட்டது.

உடனே பதில் வரவில்லை. ராத்திரி வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், இதற்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

‘முழுசும் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். நடுவுல கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, தண்ணி விழற சத்தம் மட்டும் வந்துச்சு. அப்போ கூட யாராவது இருந்தாங்களா? இன்னொண்ணு, செருப்பைப் பத்தி ஏதோ சொல்ல ஆரம்பிச்சு விட்டுட்டீங்க. அது என்ன?’

செருப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விஷயம் ஒன்றுமில்லை. அவசரத்தில் ஜோடி மாறிய செருப்போடு கிளம்பிவிட்டேன். ஒரு கால் செருப்பு என்னுடையது, இன்னொன்று வீட்டில் வேறொருவருடையது, கொஞ்சம் பெரிசு. அன்று முழுவதும் அந்தப் பெரிய செருப்பை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்கினேன். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் என் காலை யாரும் பார்க்கவில்லை, பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை. நடந்துகொண்டிருந்த பெரிய விஷயத்துக்கு நடுவில் இதைப் போய்ச் சொல்வதா என்று நானும் விட்டுவிட்டேன். அவர் கேட்டதும் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடிக்கும்போது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். அத்தனை நாளும் வராத அழுகை அது. அதற்கப்புறம்தான் மனசு கொஞ்சம் லேசானது, அன்று சாப்பிடவும் முடிந்தது.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ‘எல்லாம் சரியாயிடும்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘விரல் வலிச்சிருக்குமே’ என்றார். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வசதி 2013-இல் வந்தது. 2021-இல் அதை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கவும் வழி வந்தது. 2024-இல் சில மொழிகளில் பேச்சை எழுத்தாக மாற்றிப் படிக்கிற வசதியையும் கொண்டுவந்தார்கள். எல்லாமே உபயோகமானவைதான். காது கேளாதவர்களுக்கு எழுத்து வடிவம் எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லவே வேண்டாம். நானும் வேலை விஷயமான பதிவுகளை வேகமாகத்தான் கேட்கிறேன். ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் என் மௌனம் பாதியாகியிருக்கும். எழுத்தாக மாற்றியிருந்தால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் இருந்த சுவடே இருக்காது. பாதியில் நின்ற செருப்பு ஏதோ பிழை என்று தோன்றியிருக்கும். பதிவை ஒருவர் கேட்டுவிட்டார் என்றால் மைக் படம் நீலமாகும். எப்படிக் கேட்டார் என்பதை எந்த நிறமும் காட்டாது. அவர் இரண்டாம் தரம் கேட்டதை அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு சின்னப் பதிவு வரும். தன் அன்றைய பொழுதைப் பற்றி ஏதாவது பேசுவார், என்னை எதுவும் கேட்க மாட்டார். பதில் போட முடியவில்லையே என்று ஒருநாள் எழுதினேன். ‘போடாதீங்க. நீல டிக் வந்தா போதும், நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்’ என்றார். 2014-இல் அந்த நீல டிக் வந்த நாளிலிருந்து அதனால் வராத மனஸ்தாபம் இல்லை: பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்று. அதே டிக்கை எனக்குப் பாரமில்லாத ஒன்றாக அவர் ஆக்கிக் கொடுத்தார். சில நாட்களில் வெளி உலகத்துக்கு நான் கொடுத்த ஒரே பதில் அந்த டிக்தான்.

நேரில் பார்க்காத நட்பெல்லாம் ஒரு நட்பா என்று கேட்பவர்கள் உண்டு. முகம் பார்த்துப் பேசுவதற்கு ஈடில்லை என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று தோளைப் பிடித்துக்கொண்டவர்கள் இல்லாமல் நான் நின்றிருக்கவே முடியாது. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் நின்ற யாராலும் கேட்க முடியாத ஒன்றை, எங்கேயோ இருந்த ஒருவர் கேட்டார். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு போன்தான், அதை அவர் காதோடு வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கூட இருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஃபேஸ்புக்கில் வெறும் ‘லைக்’ மட்டும் இருந்த காலத்தில், துயரச் செய்திக்கு அதை அழுத்தலாமா வேண்டாமா என்று நாம் எல்லோருமே தயங்கியிருக்கிறோம். 2016-இல் அழுகிற முகமும், 2020-இல் நெஞ்சோடு இதயத்தை அணைத்துக்கொள்ளும் முகமும் வந்தன. இந்த முறை எனக்கு அவை நிறைய வந்தன. அழுத்திய ஒவ்வொருவரையும் பார்த்தேன், ஒவ்வொரு பெயரும் தெம்பு கொடுத்தது. அது போதுமா என்று எண்ணி யாரும் கூச வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது ஒன்றுண்டு. கஷ்டத்தில் இருப்பவர் பேசி அனுப்பியதை அவர் பேசிய வேகத்திலேயே கேட்பேன். வேலை இருந்தால் தள்ளிவைத்து, நேரம் கிடைக்கும்போது முழுதாகக் கேட்பேன். எங்கேயாவது பாதியில் நிறுத்தியிருந்தால் அதைக் கேட்பேன். உதவி வேண்டுகிற செய்தியை முன்னால் அனுப்பும்போது தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன், தேவை தீர்ந்ததும் போய்ச் சொல்வேன்.

உங்கள் செய்திகளைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன். நிறைய இருக்கிறது, பதில் வரத் தாமதமாகும். எழுதியவர்களுக்கு எழுதுகிறேன், பேசி அனுப்பியவர்களுக்குப் பேசியே அனுப்புகிறேன். டைப்பிங்கோடு நின்றவர்கள் இப்போது அனுப்பலாம், நான் இருக்கிறேன்.