அரிச்சந்திரனும் கேரம் அண்ணனும்

ராயபுரம், சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். வருத்தமான சேதி ஒன்று உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் கேரம் அண்ணன் போன மாதம் காலமாகிவிட்டார். தெருவில் பாதிப் பேருக்குக் கேரம் ஆட்டம் கற்றுத்தந்த மனிதர். மூலக்கொத்தளம் மயானத்தில்தான் அடக்கம் செய்தோம். 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இருக்கும் மண் அது.

முந்தைய இரவு விடிய விடிய சாவு வீட்டுக் கானாப் பாட்டு. பாடியவர்கள் உனக்குத் தெரிந்தவர்கள்தான். குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிவைக்கப்பட்டவர்கள், சாவுச் செய்தி கேட்டதும் டோலக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் மைக்கை அணைத்தார்கள். நல்லதாகப் போயிற்று. எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தோம்.

முதலில் சாமிக்கும் குருவுக்கும் வணக்கம். பிறகு அண்ணன் பிறந்த சந்து, வேலைக்குப் போன வாசல், அண்ணியை முதன்முதலாகப் பார்த்த அங்காளம்மன் கோயில் திருவிழா, பேரப்பிள்ளைகளின் பெயர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகளிடம் விவரம் கேட்டு, பழைய சினிமா மெட்டில் அங்கேயே கட்டிய வரிகள். நள்ளிரவு தாண்டியதும் பாட்டு வேறு உயரத்துக்குப் போயிற்று. அண்ணன் வரும்வரை கப்பல்கள் கரை சேராமல் காத்திருந்தனவாம். அலைகள் எழுந்து நின்று வழிவிட்டனவாம். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு அந்த வரியை இன்னொரு முறை பாடச் சொன்னார்.

அப்போதுதான் ஆடி மாதத்தில் நாம் பார்த்த அரிச்சந்திரன் கூத்து நினைவுக்கு வந்தது. மயான காண்டத்தை மறந்திருக்க மாட்டாய். நாடிழந்த ராஜா வீரவாகுவுக்கு அடிமையாகிச் சுடுகாட்டைக் காக்கிறான். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி வருகிறாள். யாரென்று தெரியாமல் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். ஏதும் இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது! அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் முகவீணைக் குழலின் ஓசை ஏறி வந்தபோது நம் தெருப் பெண்கள் விம்மியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இத்தகைய கதைகளை மாயாஜாலம், ஏழைகள் கவலையை மறக்கச் சொல்லிக்கொண்டவை என்று படித்தவர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூத்து ராஜாவைச் சுடுகாட்டுக் காவலுக்கு நிறுத்துகிறது. கானா மூட்டை சுமந்தவருக்குக் கடலை வழிவிட வைக்கிறது. பிணம் எரிக்கும் வேலையையும் அதைச் செய்கிறவர்களையும் இழிவாகப் பார்க்கும் ஊரில், அந்த வேலையைச் செய்தவன் ஒரு சக்கரவர்த்தி என்று விடிய விடிய ஆடிக் காட்டுவது சின்னக் காரியமா? பல ஊர்களில் பாடையைச் சுடுகாட்டு வாசலில் இறக்கி அரிச்சந்திரனுக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் உள்ளே கொண்டுபோகிறார்கள். கவலையை மறப்பதற்காக மட்டும் கேட்ட கதையாக இருந்தால் அந்த வாசல்வரை வந்திருக்காது.

அத்தை வீட்டுப் பரணில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை ஒன்று கிடைத்தது. நம் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் பதிப்பு. அட்டை போய்விட்டது, வேதாளம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. சாயங்காலம் ஒருவர் உரக்கப் படிக்க, திண்ணை முழுவதும் கேட்கும் என்று அத்தை சொன்னார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் வசதியாக அவ்வளவு பெரிய எழுத்து. இப்போது நான் என் பேத்திக்குப் படித்துக்காட்டுகிறேன். வேதாளத்தின் கேள்விக்கு விக்கிரமாதித்தனுக்கு முன்னால் அவள் பதில் சொல்லிவிடுகிறாள்.

கானாவுக்கு இப்போது மேடை கிடைத்திருக்கிறது. 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் கீழ்ப்பாக்கத்தில் சாதி ஒழிப்பைப் பாடியது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியும். மேடை இன்னும் பெருக வேண்டும். ஆனாலும் இறந்தவரின் பெயரைச் சேர்த்து அந்த ஓர் இரவுக்காகவே கட்டுகிற பாட்டு பெரும்பாலும் எந்த மேடைக்கும் வருவதில்லை, பதிவாவதுமில்லை. கேரம் அண்ணன் பாட்டில் எனக்கே நாலைந்து வரிகள்தான் நினைவில் நிற்கின்றன. பாடியவரிடம் கேட்டேன். மறுபடி அப்படியே வராது என்று சொல்லிவிட்டார். அது என்னை மிகவும் வாட்டுகிறது.

அதனால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். அம்மா நமக்கு நல்லதங்காள் கதை சொல்லும்போது, பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தை மட்டும் பாட்டாகப் பாடுவார்களே, அதை உன் மகனிடம் சொல்லி போனில் பதிவு செய்து அனுப்பு. அம்மா பாட மறுத்தால் நான் கேட்டதாகச் சொல். ஆடியில் இங்கே வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. கூத்து எந்தத் தெருவில், என்றைக்கு என்று விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்