முகாம் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

சாரணர் தேர்வு முகாம்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் சாரண ஆசிரியர் எழுதுகிறேன். சென்ற ராஜ்ய புரஸ்கார், அதாவது மாநில அளவிலான சாரணர் விருதுக்கான தேர்வு முகாமின் வாசலில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முகாம் என்று ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. அரசு மருத்துவரின் உடற்தகுதிச் சான்றும், தலைமையாசிரியர் முத்திரையும் காலை 9 மணிக்குள் வேண்டுமாம். இரவோடு இரவாக யாரிடம் போய் வாங்குவது? என் மாணவனின் அம்மா மறுநாள் கூலியை விட்டுவிட்டு, விடியும் முன்பே ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் மகனோடு காத்திருந்தார். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டு, பள்ளியில் முத்திரை வாங்கி, மதுரை ஆரப்பாளையம் வந்து இறங்கி, பஸ் மாறி அழகர்கோவில் பக்கம் வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. கயிறும் கைத்தடியும் பயிற்சிப் பதிவேடான லாக் புக்குமாக நின்றவனை, "அடுத்த முறை பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அவனுக்கு அடுத்த முறை கிடையாது. சாரணர் வயது 17 வரைதான். பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் தொடங்கி சோபான் என்ற மூன்று படிநிலைகளையும் முடித்தவன், ராஜ்ய புரஸ்கார் இல்லாமல் ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருதுக்கு எப்படிப் போவான்? ரயில்வேயின் சாரணர் ஒதுக்கீட்டு வேலைக்கு அந்த ராஷ்டிரபதி விருது ஒரு தகுதி என்பது அவன் அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன்: தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள்.

சொந்தமாக வேன் வைத்திருக்கும் பள்ளிகள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் முதல் பஸ்ஸை நம்பி இருப்பவர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்த இவர்கள் வேண்டும் என்றால் மட்டும் வாரக்கணக்கில் முன்பே அழைப்பு வருகிறது. வெயிலில் நின்று தண்ணீர் கொடுக்க வந்தவர்களுக்கு, அவர்களுடைய தேர்வுத் தேதியை முன்பே சொல்வதில் என்ன சிரமம்?

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஊதியம் இல்லாமல் உழைப்பவர்கள்தான், அதை மறக்கவில்லை. அடுத்த முகாமின் தேதி, இடம், கொண்டுவர வேண்டிய சான்றுகள் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே எழுத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவையுங்கள். தூரத்துப் பிள்ளைகள் அன்று மதியம் வரை வந்து சேரவும் அனுமதி கொடுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சாரண ஆசிரியர்