ஆக்சாலிக் அமிலத்தை ஏன் சூடாக்குகிறோம்?

மேல்நிலை வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆய்வகத்தில் நின்றே பாதி வாழ்க்கை போனது. இந்த மடல் ஒரு மாணவியின் கேள்வியில் தொடங்குகிறது.

அன்று பருமனறி பகுப்பாய்வு, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டறியும் சோதனை. பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும். வழக்கம்போல, "குடுவையைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள்" என்றேன். அதாவது 60, 70 டிகிரி. ஒரு பெண் கேட்டாள்: "சார், போன வாரம் இரும்பு உப்புக்குச் சூடாக்கவே இல்லையே. அதே பெர்மாங்கனேட்தானே? இதுக்கு மட்டும் ஏன்?"

"செய்முறையில் அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றும் கூசுகிறேன். ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் அதே வகுப்பில் 'வேதிவினை வேகவியல்' பாடத்தை, அதாவது வினைகள் எவ்வளவு விரைவாக, ஏன் அப்படி நடக்கின்றன என்ற பாடத்தை, முடித்திருந்தேன். விடை அந்தப் பாடத்தில் இருந்தது. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் சட்டென்று தோன்றவில்லை. வகுப்பறை வேதியியல் ஒரு பக்கம், ஆய்வக வேதியியல் மறுபக்கம் என்று இரண்டையும் பிரித்து வைத்தே பழகிவிட்டோம்.

இரும்பு(II) அயனி ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. அறை வெப்பநிலையிலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் அது நடந்துவிடும். ஆக்சாலிக் அமிலம் அப்படியல்ல. அதில் இரண்டு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு முறிந்து, கார்பன் டை ஆக்சைடாகப் பிரிய வேண்டும். கடக்க வேண்டிய மேடு உயரம். அந்த மேட்டுக்குத்தான் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சூடாக்காமல் பெர்மாங்கனேட்டை விட்டால் நிறம் மறைய நேரம் பிடிக்கும். பொறுமையில்லாத பையன் மேலும் மேலும் விடுவான், குடுவை பழுப்பாகிவிடும், அளவீடு தப்பாகும். கொதிக்க விடவும் கூடாது, அமிலமே சிதையத் தொடங்கும். ஆக, 'கை பொறுக்கும் சூடு' என்ற அந்த ஒரு வரி முழுக்க முழுக்க வேகவியல்.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. முதல் சில சொட்டுகளின் நிறம் தயங்கித் தயங்கி மறையும். அப்புறம் விடுகிற சொட்டுகள் விழுந்த இடத்திலேயே நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு(II) அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுவதுதான் காரணம். தன்வினையூக்கம் என்று பாடநூலில் ஒரு வரியாக வருவது இதுதான். அதைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறார்கள். பார்ப்பது இன்னதென்று யாரும் சொல்வதில்லை, தேர்வில் யாரும் கேட்பதுமில்லை.

கேட்பது என்ன? முதல் வகை வினைக்கு (வேகம், மிச்சமிருக்கும் பொருளின் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் வினை) வேக மாறிலிச் சமன்பாட்டை வருவி. அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல என நிறுவு. வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளை எழுது. மூன்றையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் பலர், நிமிடத்தில் முடியும் வினையின் வேக மாறிலி பெரியதா, நாளெல்லாம் ஆகும் வினையினுடையது பெரியதா என்று கேட்டால் விழிப்பார்கள்.

'காரணிகளை எழுது' என்ற கேள்விதான் என்னை அதிகம் வருத்துவது. 'வெப்பநிலை கூடினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அதிகம் மோதும், எனவே வினைவேகம் கூடும்' என்று எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். கணக்கிட்டுப் பார்த்தால் இந்த விடை கால்வாசிகூடத் தேறாது. மோதல்களின் எண்ணிக்கை தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போனால், அதாவது 300 கெல்வினிலிருந்து 310க்குப் போனால், மோதல் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் கூடுவதில்லை. ஆனால் பல வினைகளின் வேகம் இந்தப் பத்து டிகிரியில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரண்டு சதவீதம் எங்கே, இரு மடங்கு எங்கே?

இடைவெளியை நிரப்புவது அர்ஹீனியஸ் 1889இல் சொன்ன கருத்து. மோதினால் மட்டும் போதாது, மேட்டைத் தாண்டும் ஆற்றலோடு மோத வேண்டும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் சுமார் 51 கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் அந்த ஆற்றல் இருக்கும். 37 டிகிரியில் 27 கோடியில் ஒன்றுக்கு. மோதுகிற கூட்டம் அப்படியேதான் இருக்கிறது, தாண்டுகிறவர்கள்தான் இரட்டிக்கிறார்கள். பாடநூலில் இருக்கும் அடுக்குக்குறிச் சமன்பாட்டில் எண்ணைப் போட்டால் இது வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. ஒரு பிள்ளையைத் தன் கையால் இதைப் போட்டுப் பார்க்க வைத்தால் அப்புறம் அவள் 'அதிகம் மோதும்' என்று எழுதவே மாட்டாள். (பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்பது கைக்கணக்குதான், விதியல்ல. கிளர்வு ஆற்றல் வேறானால் மடங்கும் வேறாகும். இதையும் விதியாகவே ஒப்பிக்கிறார்கள்.)

இந்தத் துறை பிறந்ததே கடிகாரத்தோடுதான். 1850இல் ஜெர்மனியில் வில்ஹெல்மி என்பவர் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்துவிட்டு, அது தளவிளைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை) திருப்பும் கோணம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று உட்கார்ந்து குறித்தார். எந்தக் கணத்திலும் வினைவேகம் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருந்தது. நீங்கள் வருவிக்கச் சொல்லும் முதல் வகைச் சமன்பாடு இதிலிருந்து வந்தது. முதலில் அளவீடு, பிறகு சமன்பாடு. நம் பிள்ளைகளுக்கோ சமன்பாடு மட்டும் போய்ச் சேருகிறது.

நான் பார்த்தவரை, நம் செய்முறைப் பயிற்சிகளில் எதிலும் நேரத்தைக் குறிக்கச் சொல்வதில்லை. எல்லாம் 'எவ்வளவு' அல்லது 'எது' என்பதாகவே இருக்கிறது. 'எவ்வளவு நேரத்தில்' என்ற கேள்வி ஆய்வகத்துக்குள் நுழைவதே இல்லை. செலவாகும் என்று சொல்ல முடியாது. பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் எப்படியும் அலமாரியில் இருக்கின்றன. நான்கு சோதனைக் குழாய்களில் ஒரே அளவு ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும் எடுத்து, ஒன்றை அறை வெப்பநிலையிலும் மற்றவற்றை 40, 50, 60 டிகிரி வெந்நீரிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர்த்த பெர்மாங்கனேட்டை விட்டு, நிறம் மறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நிறம் மறைந்த குழாயிலேயே அதே அளவை மறுபடியும் விட்டால் இரண்டாம் முறை விரைவாக மறையும். வினையூக்கிக்கென்று தனியாக ஒரு புட்டி தேட வேண்டியதில்லை. செறிவைப் பார்க்க, அமிலத்தைப் பாதியாகக் குறைத்து மீதிக்குத் தண்ணீர் ஊற்றினால் சரி. மொத்தப் பருமன் மட்டும் மாறக் கூடாது, பிள்ளைகள் வழக்கமாகத் தவறு செய்யும் இடம் அது.

புறப்பரப்புக்கு மட்டும் வேறு பொருள் வேண்டும். சாக்பீஸை உடைத்தும் பொடித்தும் அமிலத்தில் போடுகிற பழக்கம் ஒன்று உண்டு. இப்போது கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், பொங்காது. முட்டை ஓடு கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கிளிஞ்சல். அப்புறம், கற்கண்டையும் பொடித்த சர்க்கரையையும் தண்ணீரில் போட்டுப் புறப்பரப்பை விளக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். கரைவது வேறு, வினைபுரிவது வேறு.

வினாத்தாள் பக்கம் வருகிறேன். வருவித்தலை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதோடு, செறிவுகளும் வினைவேகங்களும் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதிலிருந்து வினையின் வகையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் கூடுதல் நேரமாகிறது என்று கேளுங்கள். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. அதே பருப்பு குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது என்பது அடுத்த கேள்வி. உள்ளே 120 டிகிரி வரை போகிறது. சமவெளியில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் வேகவைப்பதோடு ஒப்பிட்டால், பத்து டிகிரிக் கைக்கணக்கின்படி நேரம் கால் பங்காக வேண்டும். ஆகிறதா என்று வீட்டில் பார்த்துவரச் சொன்னால் அம்மாக்களும் பாடத்துக்குள் வந்துவிடுவார்கள்.

இட்லி மாவைப் பற்றியும் கேட்கலாம், கொஞ்சம் கவனத்தோடு. மார்கழியில் மாவு பொங்க மறுக்கிறது, சித்திரையில் விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. வெப்பநிலையின் வேலைதான் அது. ஆனால் அங்கே இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள், அவற்றின் நொதிகள். ஓர் அளவுக்கு மேல் சூடானால் நொதிகள் குலைந்துபோகும், வேகம் கூடாமல் குறையும். இந்த வேறுபாட்டை எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இதற்கு வரும் மறுப்பும் எனக்குத் தெரியும். திருத்துவது கடினம், விடைக்குறிப்பு எழுத முடியாது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஆளுக்கொரு விதமாக மதிப்பெண் போடுவார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அட்டவணைக் கணக்குக்கு ஒரே விடைதான் உண்டு. செய்முறையில் நேரக் குறிப்பும் வரைபடமும் ரெக்கார்டு நோட்டில் கண்முன்னே இருக்கும். இரண்டு பிள்ளைகளின் நொடிக்கணக்கு அச்சாக ஒன்றாக இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும், அது தனி வசதி.

அடுத்த முறை செய்முறைக் கையேட்டைத் திருத்தும்போது, 'கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கவும்' என்ற வரிக்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு சொல்லும், பதில் எழுத மூன்று வெற்று வரிகளும் சேர்த்துக் கொடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மாணவிக்கு நான் பதில் சொன்னது மறுநாள் காலை, வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில், நின்றபடி இரண்டே நிமிடத்தில். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன் ஒருவன்