அணுகுண்டுச் சோதனைக் கட்டுரைகள் பற்றித் தமிழ் விக்கிப்பீடியா பயனர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயனர்களுக்கு,

வணக்கம். டர்பனில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் உலகச் செய்தி எதையும் தமிழில் தேடினால், பெரும்பாலும் உங்கள் கட்டுரைகளிடம்தான் வந்து சேர்கிறார்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றி எழுதும்போது, நடந்த சோதனை, ஆயத்தம் செய்து கைவிட்ட சோதனை, நடந்திருக்கலாம் என்று ஐயுறப்படும் சோதனை ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் ஒரே குரலில் சொல்லாதீர்கள்.

இந்த வேறுபாடு எங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு மிகவும் தேவை. அப்பிங்டனுக்கு வடக்கே, கலகாரிப் பாலையிலுள்ள வாஸ்ட்ராப் படைத்தளத்தில், நிலத்தடி அணுகுண்டுச் சோதனைக்காக 1970களில் இரண்டு ஆழ்துளைகள் தோண்டப்பட்டன. 1977 ஆகஸ்ட்டில் சோவியத் செயற்கைக்கோள் அவற்றைக் கண்டறிந்ததும் வல்லரசுகள் நெருக்கின, ஆயத்தம் கைவிடப்பட்டது. பின்னாளில் அதிகாரிகள் தந்த விளக்கத்தின்படி, அப்போது உள்ளே இறக்கவிருந்தது அணுகுண்டின் வெடிபொருளான செறிவூட்டிய யுரேனியம் இல்லாத ஒத்திகைக் கருவியே. ஆகவே வாஸ்ட்ராப்பைச் சோதனை நடந்த இடம் என்று எழுதினால் பிழை. ஒன்றுமே இல்லாத இடம் என்றாலும் பிழை.

1979 செப்டம்பர் 22 நிகழ்வு இதைவிடச் சிக்கலானது. வேலா என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் இருக்கும் தென்கடற்பகுதியில் இரட்டை ஒளிவீச்சு ஒன்றைப் பதிவு செய்தது. வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடிக்கும்போது முதலில் கணநேர ஒளி தோன்றும். அதிர்ச்சி அலை அந்த நெருப்புக்கோளத்தைச் சிறிது நேரம் மறைக்கும். பிறகு நீண்ட இரண்டாம் ஒளி வரும். இந்த அடையாளத்தைக் கண்டறியவே அந்தச் செயற்கைக்கோளில் கருவி வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஜாக் ருயினா தலைமையிலான அமெரிக்க வெள்ளை மாளிகைக் குழு, அது அநேகமாக அணுவெடிப்பு அல்ல என்று 1980இல் முடிவு கூறியது. அமெரிக்க அறிவியலாளர்களும் உளவுத்துறையினரும் பலர் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய ஆடுகளின் தைராய்டுச் சுரப்பியில் காணப்பட்ட, அணுவெடிப்பில் வெளிப்படும் கதிரியக்கப் பொருளான அயோடின்-131ஐ மறுபடி ஆய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, வெடிப்பு நடந்தது என்ற கருத்துக்கே வலுச் சேர்த்தது. இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா இரண்டின் மீதும் ஐயம் உண்டு. எந்த அரசும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனையையும் யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்ற விவரத்தோடு எழுதினால்தான் அது கலைக்களஞ்சியக் கட்டுரை. "நடத்தியது" என்ற ஒரே வினைமுற்று அதைத் தீர்ப்பாக்கிவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பெற்றோருக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில், அவர்களிடம் கேட்காமலே, முழு மறைவில் நடந்தது தென்னாப்பிரிக்காவின் அணுகுண்டுத் திட்டம். ஆறு குண்டுகள் செய்து முடிக்கப்பட்டு, பின் கழற்றி அழிக்கப்பட்டன. 1991 ஜூலை 10 அன்று நாடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குடிமக்களுக்கோ 1993 மார்ச் 24 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் பேசிய பிறகுதான் உண்மை தெரிந்தது. மறைத்து வைக்கப்பட்ட வரலாற்றில் ஊகத்தை உண்மையாக எழுதுவது எங்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

அதே அளவுகோல் பொக்ரானுக்கும் பொருந்த வேண்டும். 1998 மே 11 அன்று வெடித்த வெப்ப அணுக்கரு சாதனத்தின் (ஹைட்ரஜன் குண்டு வகை) திறன் 45 கிலோடன் என்று இந்தியா அறிவித்தது. அச்சோதனையில் பங்கேற்ற அறிவியலாளர் கே. சந்தானமே 2009இல் அது எதிர்பார்த்த திறனை எட்டவில்லை என்றார், சோதனையின்போது அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் அதை மறுத்தார். கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்சட்டத்தில் (தகவல் பெட்டியில்) ஒற்றை எண்ணை மட்டும் இடாமல், அரசு அறிவித்த அளவையும் நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து மற்றவர்கள் மதிப்பிட்ட அளவையும் தனித்தனி வரிகளில் தாருங்கள்.

முதலில் வாஸ்ட்ராப், வேலா ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆஃப்ரிகான்ஸ் மொழியிலுள்ள பழைய நாளிதழ்களையும் ஆவணங்களையும் படித்துச் சரிபார்க்கக்கூடிய தமிழர்கள் இங்கே இருக்கிறோம். எந்த வரிக்குச் சான்று வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் குறித்தால் தேடித் தருவோம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு தமிழ் வாசகர்