உன் புல்தரையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூக்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஓசூர் வீட்டுத் தோட்டத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்திருப்பவை அனைத்தும் ஒரே களைதான், ஆள் வைத்து மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அங்கே நான்கு வகைச் செடிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டுமே உடனடியாக அகற்றியாக வேண்டும்.

சுற்றுச்சுவர் ஓரமாக இடுப்பளவு வளர்ந்து, கேரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலைகளும் கிளை நுனியெங்கும் மிளகளவே உள்ள வெண்பூக்களுமாக நிற்பதுதான் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுவதும் பரவியது. ஒரே செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது என்பதால், பூத்து முடியும்வரை காத்திருப்பது அடுத்த பல ஆண்டுகளுக்கான களையை நாமே விதைப்பதாகும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். பேத்திக்கு இளைப்பு இருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. வேலை நடக்கும் நேரத்தில் அவளை வெளியே விடாதே.

மழை பெய்து மண் இளகியிருக்கும் காலையில், முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் அடித்தண்டிலிருந்து மீண்டும் தழைக்கும். பூத்த செடிகளை எருக்குழியில் போடாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்து. ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளிக்கும் முறையும் உண்டு. ஆனால் உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால், கார் நிறுத்துமிடத்துக் கல் இடுக்குகளைத் தவிர வேறெங்கும் அதைப் பயன்படுத்தாதே. இலைகளில், வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகளுள்ள சிறு வண்டுகளைக் கண்டால் கொன்றுவிடாதே. இந்தச் செடியைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984இல் உனக்குப் பக்கத்திலுள்ள பெங்களூருவில் விடப்பட்ட வண்டினம் அது.

புல்தரையின் நடுவே, நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழ்களுமாக ஒற்றைப் பூ தாங்கி நிற்பது கிணற்றடிப்பூண்டு. இதன் தண்டு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடுவதால், புல் வெட்டும் இயந்திரத்தால் இது அழியாது. ஒவ்வொரு கணுவாகக் களைக்கொத்தியால் கிளப்பி எடுத்து, வெற்றிடத்தில் அன்றே புல்கரணை நட்டுவிடு. புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்து. தரையில் வெயில் விழுந்தால்தான் களைவிதை சுலபமாக முளைக்கிறது. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் 2,4-டி போன்ற மருந்துகள் கடையில் கிடைக்கும். குழந்தை விளையாடும் இடத்தில் அது எனக்குச் சம்மதமில்லை.

குழாயடியில் இருப்பது கரிசலாங்கண்ணி. இலையைக் கசக்கினால் சாறு கருக்கும். ஈரம் இருக்கும்வரை அது வரும். குழாய்க் கசிவை அடைத்தாலே குறையும். நான்கு பட்டைத் தண்டும் உதடு போன்ற வெண்பூவும் உள்ள தும்பையை, தேனீக்கள் வருமாதலால், மூலையில் அப்படியே விட்டுவை.

பக்கத்துக் காலிமனையில் பார்த்தீனியம் நிற்கும்வரை உன் உழைப்பு பாதியாகவே இருக்கும். மாப்பிள்ளையை அந்த மனைக்காரரிடம் பேசச் சொல். அவர் இசைந்தால், பிடுங்கிய இடத்தில் தகரையோ செண்டுமல்லியோ அடர்த்தியாக விதைத்துவிடுங்கள். அவை நெருங்கி வளர்ந்தால் பார்த்தீனியம் தலையெடுப்பது கடினம். தகரை விதை வேண்டுமானால் எழுது, இங்கிருந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா